உலர்ந்த கட்டைக்கே ரெசின்

(ஒரகடம் பகுதிக் கடைசல் தொழிலாளர்கள், ஐ.டி.ஐ. மாணவர்கள், ஆலைப் பணியாளர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இந்தக் கூட்டத்தில் மூன்று விதமான ஆட்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். முன்வரிசையில் மரம் கடைந்தே பிழைக்கும் பெரியவர்கள். நடுவில், லேத்தில் இரும்பும் அலுமினியமும் கடைந்து பழகும் ஐ.டி.ஐ. தம்பி, தங்கைகள். பின்னால், ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு நேராக வந்திருக்கும் கம்பெனிக்காரர்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு பொருளைப் பேச வேண்டும் என்றார்கள். மரத்துக்குள் ரெசின் ஏற்றும் வேலையை எடுத்துக்கொண்டேன். பெரியவர்களுக்கு மரம் தெரியும், ரெசின் பழக்கமில்லை. கம்பெனிக்காரர்களுக்கு ரெசின் தெரியும். அது மரத்துக்கும் ஆகும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டையும் கற்றுக்கொள்ளும் வயது.

சொல்லப்போவதன் சாரத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். மிருதுவான மரம், பூஞ்சை பிடித்து இற்றுப்போன மரம், விறகுக்குப் போகிற மரம், இவற்றில் நல்ல துண்டுகளைக் கடையத் தகுந்த கட்டையாக மாற்ற முடியும். அதற்கு வேண்டிய பம்ப்பும் ரெசினும் கடையில் கிடைக்கும். கடையில் கிடைக்காதது, மரத்தைக் கடைசிச் சொட்டு ஈரம் வரை உலர்த்தும் பொறுமை. இந்த வேலையில் கையைச் சுட்டுக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உலர்த்துவதில்தான் கோட்டை விட்டிருப்பார்கள்.

கையருகே இருக்கும் மரம்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோயில் சாலையும் சந்திக்கும் இந்த ஒரகடத்தில் மரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். கண்ணுக்கு எட்டியவரை ஷெட்டும் டிரெய்லரும்தான். ஆனால் அந்த டிரெய்லரின் முதுகில் ஏறித்தான் மரம் வருகிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன. இயந்திரமும் உதிரிபாகமும் கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் மரப்பெட்டிக்குள் வந்தன. மரத்தட்டின் மேல் உட்கார்ந்து வந்தன. சரக்கு உள்ளே போகும், பெட்டி வெளியே வரும். பேக்கிங் மரம் என்று சாலையோரக் கடைகளில் அடுக்கி விற்கிறார்களே, அந்தப் பைன் பலகைதான் இந்தப் பகுதியின் இன்றைய காட்டு மரம்.

அந்தப் பலகையில் ஒரு முத்திரை இருக்கும். கோதுமைக் கதிர் போல ஒரு சின்னம், நாட்டுக்கு இரண்டு எழுத்து, பக்கத்தில் ‘எச்.டி.’ அல்லது ‘எம்.பி.’ என்று இருக்கும். ஒரு நாட்டுப் பூச்சி மரத்தோடு இன்னொரு நாட்டுக்குப் போகக் கூடாது என்று 2002-இல் வந்த ஐ.எஸ்.பி.எம். 15 என்ற உலக விதியின் அடையாளம் அது. எச்.டி. என்றால் பலகையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு வாயுவால் புகையூட்டியது. எம்.பி. பலகையைக் கையில் வைத்துப் புழங்கும் சாமானுக்கு எடுக்காதீர்கள். எச்.டி. பலகையை எடுக்கலாம்; ஆனால் சூடு காட்டியது பூச்சியைக் கொல்வதற்கு. மரம் உலர்ந்துவிட்டது என்று அந்த முத்திரைக்குப் பொருள் கிடையாது. எண்ணெயோ ரசாயனமோ ஊறிய கறை தெரிந்தால் அந்தப் பலகையை அப்படியே விட்டுவிடுங்கள். ஆணி இருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பார்க்காமல் லேத்தில் ஏற்றாதீர்கள்.

இரண்டாவது வகை, புயல் தரும் மரம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபோது சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. தூங்குமூஞ்சி, மயில்கொன்றை, பெருங்கொன்றை போன்ற சாலையோர மரங்களுக்குப் பெரும் அடி. சாய்ந்த மரத்தை உடனே அறுத்து அடுக்க ஆள் இல்லாதபோது அது மழையிலும் மண்ணிலும் கிடக்கும். பூஞ்சை ஏறும். ஒரு பூஞ்சைக் கூட்டம் இன்னொன்றைச் சந்திக்கும் எல்லைகளில் மரத்துக்குள் பேனாவால் இழுத்தது போலக் கறுப்புக் கோடுகள் விழும். பார்க்க அத்தனை அழகு. உளியை வைத்தால் மாவாக உதிரும். கடைசல்காரருக்கு ஆசை காட்டி ஏமாற்றும் மரம் இதுதான். கடைசல்காரர் ரெசின் ஏற்றக் கற்றுக்கொள்வதே இந்த வகை மரத்துக்காக என்று சொன்னால் தப்பில்லை.

மூன்றாவது, நம்முடைய பனையும் தென்னையும். தொல்காப்பியத்தின் மரபியல் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கிறது. வெளியே வைரம் இருப்பவை ஒரு இனம், உள்ளே வைரம் இருப்பவை இன்னொரு இனம். பனையும் தென்னையும் முதல் இனத்தில் அடங்குபவை. தச்சர் கண்ணோட்டத்தில் இது மிகச் சரியான பிரிவு. வெட்டிப் பார்த்தால் தெரியும்: பனையின் ஓரம் இரும்பு, நடு பஞ்சு. ஓரத்தை உத்தரத்துக்கும் கைமரத்துக்கும் எடுத்துக்கொண்டு நடுவை எறிந்துவிடுவார்கள். அந்த நடுப்பகுதியிலும் கறுப்பு நார்கள் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன. ரெசின் குடித்து இறுகிய பின் அதைக் கடைந்தால் புள்ளியெல்லாம் துலங்கி வரும்.

முன்னோர் மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்

நம் ஊரில் கடைசல் புதிதில்லை. அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான் வைத்து விளையாடாத பெண்பிள்ளை ஒரு காலத்தில் தென்மாவட்டத்தில் இல்லை. கர்நாடகத்தில் சென்னபட்டணம், ஆந்திரத்தில் ஏட்டிகொப்பாகா. இந்த இரண்டு ஊரிலும் கடைவது நாம் வெப்பாலை என்று சொல்லும் மரம். தந்தம் போல வெளுப்பு, நெருக்கமான இழை. உளி போன இடம் வழவழவென்று வரும். சுழலும் கட்டை மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அரக்கு உருகித் தோலாகப் படியும். அந்த மரத்துக்கு ரெசின் தேவையே கிடையாது.

நரசிங்கம்பேட்டை நாகசுரத்தைப் பாருங்கள். 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற வாத்தியம் அது. ஆச்சா மரத்தில் கடைவார்கள். புதிதாக வெட்டிய ஆச்சா அவர்களுக்கு உதவாது. பழைய வீடு இடிக்கும் இடத்தில் உத்தரமும் தூணுமாக நின்ற கட்டையைத் தேடிப் போவார்கள். பல பத்தாண்டுகள் கூரைக்குக் கீழே நின்று காய்ந்த மரம் அது. வளைய வேண்டிய அளவு வளைந்து, வெடிக்க வேண்டிய இடத்தில் வெடித்து, இனி அசையாது என்ற நிலைக்கு வந்துவிட்ட மரம். அவர்கள் காலத்தைக் கொண்டு உலர்த்தினார்கள். நாம் அடுப்பைக் கொண்டு உலர்த்துகிறோம். உலர்த்தாமல் யாரும் நல்ல சாமான் செய்ததில்லை.

அந்த மாதிரி மரம் இன்று எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஈட்டி மரத்தைக் காக்கத் தமிழ்நாடு 1994-இலேயே தனிச் சட்டம் இயற்றியது. 2017 முதல் ஈட்டி இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. நல்ல மரம் அரிதாகும்போது இரண்டு வழிதான். ஒன்று, கள்ளத்தனமாக வந்த மரத்தை வாங்குவது. அந்த வழியைப் பேசவே வேண்டாம். ரசீது இல்லாத ஈட்டி, சந்தனம், செம்மரம் பட்டறைக்குள் நுழையவே கூடாது. இன்னொன்று, சாதாரண மரத்தைத் தகுதிப்படுத்துவது.

காலியிடத்தின் கணக்கு

மரத்துக்குள் ரெசின் எங்கே போய் உட்காருகிறது? ஒரு கட்டையை வைக்கோல் தாள்களை நெருக்கி அடுக்கிய கட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் சுவர் உண்டு, நடுவில் ஓட்டை உண்டு. மரத்தின் உயிரணுக்களும் அப்படித்தான். இதில் ஒரு வியப்பு: அந்தச் சுவரின் அடர்த்தி எந்த மரத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான், ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம். இலவம் லேசாக இருப்பதும் புளி கனமாக இருப்பதும் சுவர் எவ்வளவு, ஓட்டை எவ்வளவு என்ற பங்கீட்டால் வருவது.

கணக்குப் போடுவோம். 0.5 அடர்த்தியுள்ள பைன் கட்டை ஒரு லிட்டர் அளவு இருக்கிறது. எடை அரைக் கிலோ. அதில் சுவர் அடைத்திருப்பது மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு வெறும் காற்று. அந்தக் காற்றை எடுத்துவிட்டு முழுக்க ரெசினை நிரப்பினால் அரைக் கிலோ கட்டை ஒரு கிலோவுக்கு மேல் எடை காட்டும். 0.9 அடர்த்தியுள்ள கட்டையில் காலியிடம் ஐந்தில் இரண்டு பங்குதான். அதிலும் பாதி வழி அடைபட்டிருக்கும். ஆகவே லேசான மரம் நிறையக் குடிக்கும், கனத்த மரம் கொஞ்சமே குடிக்கும். எந்தக் கட்டைக்கு ரெசின் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதற்குத் தராசே முதல் சாட்சி.

ஈரமும் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஓட்டையில் தேங்கிய தண்ணீர் முதலில் போகும். அது போவதால் மரம் சுருங்காது. மொத்த ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது சுவருக்குள் ஊறியிருக்கும் தண்ணீர் வெளியேறத் தொடங்கும். அப்போதுதான் சுருக்கம். வருட வளையத்தின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய சுருக்கத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வட்டமாக அறுத்த வில்லை ஆரப்போக்கில் வாய் பிளப்பது இந்த ஏற்றத்தாழ்வால்தான்.

காலியிடத்தை எது நிரப்புகிறது?

மரம் நிலைப்பதும் நிலைகுலைவதும் அந்தக் காலியிடத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நமக்குப் பக்கத்துக் காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள் அத்திவரதர் இருக்கிறார். அத்தி மரத்தில் செய்த திருமேனி. 40 ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளியே எழுந்தருள்வார். 1979-க்குப் பிறகு 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை உங்களில் பலர் வரிசையில் நின்று சேவித்திருப்பீர்கள். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். முழுக்க நீரில் மூழ்கிய மரத்துக்குள் காற்று மிகக் குறைவு; அதனால் அது எளிதில் இற்றுப்போவதில்லை. வேலிக்கால் எங்கே இற்றுப்போகிறது என்று பார்த்தால் புரியும்: மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த மட்டத்தில்தான்.

சுவீடனில் 1628-இல் மூழ்கிய வாசா என்ற போர்க்கப்பலை 1961-இல் கடலிலிருந்து தூக்கினார்கள். 333 ஆண்டுகள் நீருக்குள் இருந்த ஓக் மரம் அப்படியே காய்ந்தால் சுருங்கி நொறுங்கும். அதனால் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலை 17 ஆண்டுகள் அதன் மேல் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். சுவருக்குள் இருந்த தண்ணீரின் இடத்தை மெல்ல மெல்ல அந்தப் பொருள் பிடித்துக்கொண்டது.

அமெரிக்காவில் மேடிசன் நகரத்து வனப்பொருள் ஆய்வகத்தில் ஆல்பிரட் ஸ்டாம் என்ற வேதியியலாளர் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் வேறு வழி கண்டார். மெல்லிய மரத் தகடுகளில் பீனாலிக் ரெசின் ஊறவைத்து, சூட்டில் அழுத்தி, மிகக் கெட்டியான ‘கம்ப்ரெக்’ பலகை செய்தார்கள். அந்த வகை அழுத்த மரம் இன்றும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களுக்குள் எண்ணெயில் மூழ்கி வேலை செய்கிறது. 1960-களில் மெத்தக்ரிலேட் திரவத்தை மரத்தில் ஏற்றிக் காமாக் கதிரால் இறுக்கினார்கள். தரைப் பலகைக்குப் பயன்பட்டது. கதிருக்குப் பதிலாகச் சூட்டால் இறுகும் ரெசின் வந்த பிறகுதான் வீட்டுப் பட்டறைக்காரர் கைக்கு இந்த வித்தை எட்டியது. இன்று ‘கேக்டஸ் ஜூஸ்’ என்ற பெயரில் அமெரிக்கக் கடைசல்காரர்கள் வாங்குவது இந்த வகையில் ஒன்று.

இப்போது பின்வரிசையைப் பார்த்துப் பேசுகிறேன். அலுமினிய வார்ப்பு வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. வார்ப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். எண்ணெயோ வாயுவோ கசியும். பாகத்தைத் தொட்டிக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி, மெத்தக்ரிலேட் ரெசினை உள்ளே விட்டு, கழுவி, 90 டிகிரி வெந்நீரில் இறுக்குகிறார்கள். அந்தத் தொட்டியில் அலுமினியத்துக்குப் பதில் மரத்தை வைத்தால் எப்படியோ, அதுதான் நான் சொல்லும் வேலை. மோட்டார் வைண்டிங் செய்பவர்களுக்கும் இது புதிதில்லை. ஸ்டேட்டரைச் சூடாக்கி ஈரம் போக்கிய பிறகே வார்னிஷ் ஊட்டுகிறீர்கள். ஈரத்தோடு ஊட்டினால் மோட்டார் எரியும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மரத்துக்கும் அந்த ஒழுங்கையே கொண்டுவாருங்கள்.

வேலை நடக்கும் விதம்

முதலில் அளவாக அறுங்கள். பேனாவுக்கோ கத்திப் பிடிக்கோ வேண்டிய அளவுக்கு மேல் சற்று மிகுதி வைத்து அறுத்தால் போதும். பெரிய கட்டையை அப்படியே ஊறவைத்தால் நடுவுக்கு ரெசின் போய்ச் சேராது.

அடுத்து உலர்த்தல். நம் ஊர்க் காற்றில் நன்றாகக் காய்ந்ததாகத் தோன்றும் மரம்கூட 12 முதல் 15 சதவீதம் ஈரத்தோடுதான் இருக்கும். அது மேசைக்குப் போதும், ரெசினுக்குப் போதாது. பச்சை மரத்தை நேராக அடுப்பில் வைத்தால் வெடிக்கும். நிழலில் அடுக்கி, வெட்டுமுகத்தில் மெழுகோ பெயின்ட்டோ பூசி, காற்றில் காயவிட்ட பிறகே அடுப்பு. 103 டிகிரியை ஒட்டிய சூட்டில் வைத்து, இடையிடையே எடுத்துத் தராசில் எடை போடுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் அசையாமல் நிற்கும். அப்போதுதான் ஈரம் போயிற்று என்று அர்த்தம். வைக்கும்போது 560 கிராம், நின்றபோது 500 கிராம் என்றால், போன 60 கிராமை 500-ஆல் வகுத்துப் பாருங்கள். அந்தக் கட்டையில் 12 சதவீதம் ஈரம் இருந்திருக்கிறது. மணிக்கணக்கை நம்பாதீர்கள், எடையை நம்புங்கள்.

அடுப்பிலிருந்து எடுத்த கட்டையை வெளியே வைத்தால் நம் கடற்கரைக் காற்றில் மறுபடியும் ஈரம் குடிக்கும். சூட்டோடு ரெசினில் போட்டாலோ ரெசின் தொட்டியிலேயே இறுகத் தொடங்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, அதிலேயே ஆறவிட்டு, ஆறியவுடன் தொட்டிக்குள் இறக்க வேண்டும்.

தொட்டிக்குள் மரம் மிதக்கும். மேலே கனம் வைத்து அமுக்கி, கட்டைக்கு மேல் இரண்டு மூன்று அங்குலம் ரெசின் நிற்கும்படி ஊற்றுங்கள். மூடியைப் போட்டு வாக்குவம் பம்ப்பை ஓட்டுங்கள். ஏ.சி. மெக்கானிக் கேஸ் ஏற்றுவதற்கு முன் குழாயை உறிஞ்ச வைத்திருக்கும் பம்ப்பே போதுமானது. நாம் கடல்மட்டத்தை ஒட்டி இருக்கிறோம். வாக்குவம் மானி பாதரச அளவில் 29 அங்குலம் வரை போக வேண்டும். கட்டையிலிருந்து குமிழி பொங்கும். அது மரத்துக்குள் இருந்த காற்று. மணிக்கணக்கில் பொங்கி, மெல்ல அடங்கி, நிற்கும்.

ஈரம் போகாத கட்டை இங்கேதான் காட்டிக்கொடுக்கும். 29 அங்குல வாக்குவத்தில் தண்ணீர் 25 டிகிரியிலேயே கொதிக்கும். நம் ஊர் அறைச் சூடு அதைவிட அதிகம். ஆகவே ஈரக் கட்டையிலிருந்து குமிழி ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். பார்ப்பவர் இன்னும் காற்று போகிறது என்று பம்ப்பை ஓட்டிக்கொண்டே இருப்பார். வருவது நீராவி. அது பம்ப்பின் எண்ணெயில் கலந்து பாலாக வெளுக்கும். பம்ப்பும் கெடும், ரெசினும் சரியாக இறுகாது. உலர்த்தாமல் சேமித்த நேரத்துக்கு இதுதான் வட்டி.

குமிழி நின்ற பிறகு பம்ப்பை நிறுத்திக் காற்றை உள்ளே விடுங்கள். உண்மையான ஏற்றம் இந்த நொடியில்தான் தொடங்குகிறது. பம்ப் ரெசினை உள்ளே தள்ளுவதில்லை. அது வெறுமனே இடத்தைக் காலிசெய்து வைக்கிறது. நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று மண்டலம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கனத்தில் ரெசினை அந்தக் காலியிடத்துக்குள் தள்ளுகிறது. இதற்கு நேரம் கொடுங்கள். வாக்குவத்தில் இருந்த நேரத்தைப் போல இரண்டு மடங்காவது ரெசினுக்குள்ளேயே ஊறட்டும். இரவெல்லாம் கிடந்தாலும் கேடில்லை. மூழ்கிக் கீழே அமரும் கட்டை நன்றாகக் குடித்த கட்டை.

வெளியே எடுத்து, வழியவிட்டு, அலுமினியத் தாளில் சுற்றி, ரெசின் டப்பாவில் போட்டிருக்கும் சூட்டில், பெரும்பாலும் 90 டிகிரியை ஒட்டி, அடுப்பில் வையுங்கள். கட்டையின் நடு வரை அந்தச் சூடு போய்ச் சேர வேண்டும். தடித்த கட்டைக்கு அதிக நேரம். ஆறிய பின் மறுபடியும் எடை போடுங்கள். உலர்ந்த எடை, ஏறிய எடை இரண்டையும் கட்டையிலேயே எழுதிவையுங்கள். ஒரு வருடம் எழுதினால் உங்கள் பகுதி மரங்களுக்கு உங்கள் கையாலேயே ஒரு அட்டவணை கிடைக்கும். எந்தப் புத்தகத்திலும் அது இருக்காது.

கடைவதற்குக் கூரான உளி வேண்டும். மரத்துக்கென்று கூராக்கிய கார்பைடு முனை நன்றாக வெட்டும். உப்புத்தாளில் 220, 400, 600 என்று ஏறி 2000 வரை போய், பஃபிங் சக்கரத்தில் காட்டினால் வேறு பாலிஷ் எதுவும் கேட்காமலே பளபளக்கும். நிறம் வேண்டுமென்றால் ரெசினிலேயே சாயம் கலக்கலாம். கட்டையின் வெள்ளைப் பகுதி சாயத்தை இழுக்கும், வைரம் இழுக்காது. ஒரே கட்டையில் இரண்டு நிறம் வருவது அதனால்தான்.

எதை எதிர்பார்க்கக் கூடாது

வைரம் பாய்ந்த மரம் ரெசினுக்கு வழிவிடாது. மரம் முதிரும்போது அதன் குழாய்களைத் தானே பிசினாலும் எண்ணெயாலும் அடைத்துக்கொள்கிறது. அந்த மரத்துக்கு இயற்கையே வேலையை முடித்துவிட்டது. தேக்கின் எண்ணெய்ப் பசை ஒரு தடை. ஈட்டியில் இருக்கும் இயற்கைப் பொருள்கள் இந்த வகை ரெசின் இறுகுவதையே தடுக்கும்; உள்ளே போனது ஈரமாகவே நிற்கும். புளி வைரத்துக்கும் கருவேலத்துக்கும் ரெசின் ஏற்றுகிறேன் என்று செலவழிப்பவர் ரெசின் கடைக்காரரை வாழவைக்கிறார், அவ்வளவுதான்.

பெரிய ஓட்டை, வெடிப்பு, பொந்து இவற்றை இந்த முறை அடைக்காது. மெல்லிய ரெசின் அதிலிருந்து வழிந்துவிடும். அவற்றை நிரப்புவது வார்ப்பு வேலை: கெட்டியான எபாக்ஸியை ஊற்றி, காற்றழுத்தத் தொட்டியில் வைத்துக் குமிழியை நசுக்குவது. ஏற்றுவதற்கு வாக்குவம், வார்ப்பதற்கு அழுத்தம். இரண்டையும் குழப்பி எபாக்ஸியை வாக்குவத்தில் ஏற்ற முயல்பவர்கள் உண்டு. கெட்டியான எபாக்ஸி ஓரத்தோடு நின்றுவிடும், பாதி வழியில் இறுகியும் போகும்.

நூறு சதவீதம் நீர் புகாத மரம் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். மெத்தக்ரிலேட் பெரும்பாலும் ஓட்டையைத்தான் நிரப்புகிறது. சுவருக்குள் அதிகம் புகுவதில்லை. ஆகவே ஈரம் ஏறினால் சுவர் இன்னும் கொஞ்சம் அசையும். வேகம் குறையும், அளவு குறையும், முழுக்க நிற்காது.

உடம்புக்கும் பட்டறைக்கும்

30 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொட்டி மூடியின் மேல் வாக்குவம் ஓடும்போது ஏறத்தாழ 700 கிலோ அழுத்துகிறது. சாதாரணக் கண்ணாடியும் மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவும் அதைத் தாங்காது. தொட்டிக்கென்றே செய்த தடித்த மூடி வாங்குங்கள். கீறல் விழுந்த மூடியைத் தயங்காமல் மாற்றுங்கள்.

இறுகாத ரெசின் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும். வந்தால் வாழ்நாள் முழுக்க விடாது. கையுறை கட்டாயம். இறுக்கும் அடுப்பு சமையலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். அதில் இனி உணவு வைக்கக் கூடாது. இறுகவைக்கும் ஊக்கி கலந்த ரெசினைக் கத்திரி வெயிலில் தகரக் கூரை ஷெட்டுக்குள் வைத்தால் டப்பாவுக்குள்ளேயே சூடேறி இறுகிவிடும். குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. பூஞ்சை பிடித்த மரத்தின் தூளில் பூஞ்சை வித்தும் சேரும், இறுகிய ரெசின் தூளும் சேரும். கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது. வடிகட்டியுள்ள முகமூடி அணியுங்கள். அந்தத் தூளை விறகடுப்புக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் கொடுக்காதீர்கள். அது இனி வெறும் மரத்தூள் இல்லை.

அதே காரணத்தால், ரெசின் ஏற்றிய கட்டையில் மத்து, கரண்டி, குழந்தை வாயில் வைக்கும் சாமான் செய்ய வேண்டாம். அதற்கு வெப்பாலையும் அரக்கும் இருக்கின்றன. அம்பாசமுத்திரம் தன் வேலையைச் செய்யட்டும். நாம் வேறு சாமான் செய்வோம்.

யார் வாங்குவார்கள்?

இங்கிருந்து சற்று வடக்கே திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் தயாராகின்றன. கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்கிய ரப்பரான எபோனைட்டை லேத்தில் கையால் கடைந்து செய்யும் மைப்பேனாக்கள். அவற்றைக் கடல் தாண்டியும் தேடி வாங்கும் பேனாப் பிரியர்கள் இருக்கிறார்கள். எந்திரம் நிமிடத்துக்கு நூறு பேனா கக்கும் காலத்தில் கையால் கடைந்த ஒன்றுக்கு மதிப்பு இருக்கிறது என்பதற்கு நம் பக்கத்து ஊரே சான்று. ரெசின் ஏற்றிய கட்டைக்கும் அந்தச் சந்தைதான்: பேனா, கத்திப் பிடி, உளிப் பிடி, சாவிக்கொத்து, அலங்காரக் கிண்ணம். கட்டையை மட்டும் தயாரித்துப் பிற கடைசல்காரர்களுக்கு விற்பதுகூடத் தனித் தொழில்.

விற்கும்போது ஒரு நேர்மை வேண்டும். ‘இது மரமும் ரெசினும் சேர்ந்தது’ என்று சீட்டில் எழுதுங்கள். எந்த மரம், எங்கிருந்து வந்தது என்றும் எழுதுங்கள். ‘புயலில் சாய்ந்த தூங்குமூஞ்சி’, ‘ஒரகடத்துப் பேக்கிங் பைன்’, ‘பனையின் நடு’. அதை மறைத்து அரிய மரம் என்று விற்பவர் ஒரு பேனா விற்பார். சொல்லி விற்பவர் அடுத்த பேனாவும் விற்பார்.

நிறைவாக மூன்று வேண்டுகோள். ஆலைகளில் இருப்பவர்களே, உங்கள் வளாகத்திலிருந்து வெளியேறும் எச்.டி. முத்திரை போட்ட சுத்தமான மரத்தை ஏலத்துக்கு அனுப்பும் முன் ஒரு பங்கை ஐ.டி.ஐ.களுக்கும் கடைசல் பட்டறைகளுக்கும் ஒதுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். கடைசல் பெரியவர்களே, எந்த மரம் எப்படி அறுத்தால் வெடிக்காது என்ற உங்கள் அறிவை இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்; அவர்கள் உங்களுக்கு வாக்குவம் மானி பார்க்கக் கற்றுத்தருவார்கள். தம்பி, தங்கைகளே, ரெசின் வாங்கக் காசு சேர்க்கும் முன் கிராம் கணக்குக் காட்டும் ஒரு தராசு வாங்குங்கள். இந்தத் தொழிலில் முதல் கருவி அதுதான். எடை நிற்கும் வரை கட்டையை அடுப்பிலிருந்து எடுக்காதீர்கள்.